பதினாறாவது சுற்று

விருது யாருக்கு என்று நாடே இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டிருந்த வாரத்தில், அருணகிரி தன் குருவைத் தேடிச் சங்கரன்கோவிலுக்கு வந்தான்.

ஆண்டின் சிறந்த விளையாட்டு ஆளுமைக்கான தேசிய விருது அது. கடைசியில் இரண்டு பெயர்கள் மிஞ்சியிருந்தன. ஒருவர் உலகப் போட்டியில் தங்கம் வாங்கிய படகு வீரர். இன்னொருத்தி பேச்சியம்மா. இருபது கிலோமீட்டர் வேகநடையில் ஆசியத் தங்கத்தை ஜெயித்து, முடிவுக் கோட்டைத் தாண்டிய ஐந்தாவது அடியில் விழுந்தாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். வயது இருபத்து மூன்று. அவளுக்கு நடக்கச் சொல்லிக்கொடுத்தவன் அருணகிரி.

டீக்கடையிலும் தொலைக்காட்சியிலும் ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதினார்கள். செத்ததற்கு மாலை போடலாம், விருது எதற்கு என்றது ஒரு கட்சி. அவள் ஜெயித்துவிட்டுத்தானே ஐயா செத்தாள் என்றது மறு கட்சி. பேசுகிறவனுக்கு என்ன, காசா பணமா?

பேச்சியம்மா பக்கம் கூட்டம் சேர்ந்ததற்குக் காரணம் தங்கம்கூட இல்லை. அவளுடைய கடைசி வார்த்தைகள். பதினாறாவது சுற்றில் அவள் தள்ளாடியபோது பயிற்சியாளர் நிறுத்தச் சொன்னாராம். அவள் சொன்னாளாம்: “என்னைத் தடுக்காதீங்க சார். விழுந்தாலும் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் விழுவேன். இது எனக்காக இல்ல, நாட்டுக்காக.” பள்ளிக்கூடச் சுவர்களில் எழுதிவைத்தார்கள். ஆட்டோ முதுகில் ஒட்டினார்கள். படித்தவர்கள் எல்லாம் அழுதார்கள்.

தேர்வுக் குழுவில் நாலுக்கு நாலு என்று நின்றது. தலைவரின் ஓட்டுத்தான் பாக்கி. அந்தத் தலைவர் ஒரு காலத்தில் அருணகிரியின் குரு குணசீலன் மாஸ்டரிடம் ஓடப் பழகியவர். மாஸ்டர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் ஓட்டு எந்தப் பக்கம் விழும் என்பது அருணகிரிக்குத் தெரியும். மறுநாள் மாலைக்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும்.

மாஸ்டர் ஓர் அரிசி ஆலையின் பின்கட்டில் குடியிருந்தார். எழுபத்தொரு வயது. மனைவி போனபிறகு தானே பொங்கித் தின்றுகொண்டு, ஆலையின் சிமெண்டுக் களத்தில் காலையும் மாலையும் நடந்துகொண்டு கிடந்தார். அன்றைக்குக் களத்தில் நெல் போடவில்லை. பதினொரு மணி வெயில் மட்டும் காய்ந்துகொண்டிருந்தது.

“வாடே” என்றார். “சாப்பிட்டியா?”

“ஆச்சு மாஸ்டர்.”

சாப்பிடவில்லை. இப்போதெல்லாம் அவனுக்குச் சின்னப் பொய்கள் தானாக வந்தன.

வந்த விஷயத்தைச் சொன்னான். கடிதத்தைத் தானே தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தான். கையெழுத்துப் போடுகிற இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளிகூட வைத்திருந்தான். மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். அந்தக் கடைசி வார்த்தைகள் கடிதத்தின் நடுவில் தடித்த எழுத்தில் இருந்தன.

“விருது யாருக்குப் போகணும் மாஸ்டர்? நீங்களே சொல்லுங்க. படகுக்காரர் நல்ல வீரர்தான், நான் குறை சொல்லல. ஆனா இவ உயிரையே குடுத்திருக்கா.”

மாஸ்டர் கடிதத்தை மடித்தார்.

“பூட்ஸ் போட்டிருக்கியா?”

“போட்டிருக்கேன்.”

“களத்தைச் சுத்து. இருபது சுத்து. ஓடாத. வேகநடை. ஒரு கால் எப்பவும் தரையில இருக்கணும்.”

“இந்த வெயில்லயா மாஸ்டர்?”

“அங்க என்ன மழையா பெஞ்சுது?”

அருணகிரி குனிந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கினான்.

“ஒவ்வொரு தடவையும் என்னைத் தாண்டும்போது, அவ சொன்னதை ஒருக்காச் சொல்லிட்டுப் போ. ஒரு வார்த்தை விடாம. இருபதும் சொல்லி முடி. கையெழுத்துப் போடுதேன்.”

நாற்பத்தாறு வயதில் இது என்ன கூத்து என்று இருந்தது அவனுக்கு. ஆனால் கையெழுத்து வேண்டும். பையைக் கீழே வைத்துவிட்டு இறங்கினான். மாஸ்டர் ஒரு பெஞ்சியைக் களத்தின் ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீரும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் சுற்றில் நன்றாகவே சொன்னான். தொலைக்காட்சியில் எத்தனையோ தடவை சொன்னதுதான். எந்த இடத்தில் குரல் கம்ம வேண்டும் என்பதுவரை பழகியிருந்தது.

“என்னைத் தடுக்காதீங்க சார். விழுந்தாலும் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் விழுவேன். இது எனக்காக இல்ல, நாட்டுக்காக.”

“ஒண்ணு” என்றார் மாஸ்டர்.

ஐந்து சுற்றுவரை குரல் கம்மியது. ஆறில் கம்ம மறந்துவிட்டான். எட்டில் ‘விழுந்தாலும்’ என்ற இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டான்.

“எட்டு.”

சிமெண்டு கீழேயிருந்து சுட்டது. கால் முட்டிக்கு மேலே கல்லைக் கட்டியதுபோல் இருந்தது. வேகநடையில் இடுப்புத்தான் முதலில் போகும் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பான். போய்விட்டது. பதினொன்றில் ‘கோட்டுக்கு அந்தப் பக்கம்’ என்பதோடு மாஸ்டரைத் தாண்டிவிட்டான். மீதி வாக்கியம் பத்தடி தள்ளி வந்தது.

“முழுசாச் சொல்லு” என்றார் மாஸ்டர்.

“மூச்சு... வாங்குது.”

“பன்னண்டு ஆகல இன்னும்.”

பன்னிரண்டில் இரண்டு துண்டாகச் சொன்னான். பதின்மூன்றில் ‘என்னைத் தடுக்காதீங்க’ மட்டும் வந்தது. பதினாலில் வாயைத் திறந்தான், காற்றுத்தான் வந்தது. மாஸ்டர் எண்ணிக்கையை நிறுத்தவில்லை. அருணகிரிக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. செம்பைப் பார்த்துக்கொண்டே தாண்டினான்.

பதினைந்தாம் சுற்றில் கண்ணுக்கு முன்னால் களம் வெளுத்து, ஆலைச் சுவர் கலங்கித் தெரிந்தது. இடது கால் சொன்ன இடத்தில் விழவில்லை. அந்த வாக்கியம் முழுக்க மறந்துபோயிருந்தது. யாரோ எழுதிக் கொடுத்த பாடம்போல எங்கேயோ கிடந்தது.

பதினாறாம் முறை பெஞ்சியருகே வந்தபோது அவன் வாய் தானாகச் சொன்னது:

“நிறுத்திக்கிடட்டுமா?”

சொன்ன மாத்திரத்தில் நின்றுவிட்டான். அந்தச் சத்தம் அவன் காதிலேயே விழுந்தது. இரண்டு கைகளையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு குனிந்தான். வேர்வை சிமெண்டில் சொட்டி, சொட்டிய இடத்திலேயே காய்ந்தது.

மாஸ்டர் எழுந்து செம்பை நீட்டினார். அவன் வாங்கவில்லை.

“இதான் மாஸ்டர்” என்றான்.

“எது?”

“இதைத்தான் சொன்னா. பதினாறாவது சுத்துல. ‘சார், நிறுத்திக்கிடட்டுமா’ன்னு கேட்டா. வேற ஒண்ணும் சொல்லல.”

மாஸ்டர் செம்பைக் கீழே வைத்தார்.

“பேப்பர்ல படிச்ச அன்னைக்கே நினைச்சேன். பதினாறு கிலோமீட்டர் நடந்த வாய் அவ்வளவு நீளமாப் பேசாதுடே.”

அருணகிரி களத்திலேயே உட்கார்ந்துவிட்டான். பிறகு அவன் சொன்னதெல்லாம் யாரிடமும் சொல்லாதது. சொல்லக்கூடாது என்று வைத்திருந்தது.

“தண்ணி மேசைகிட்ட நின்னேன் மாஸ்டர். ஒரு கிலோமீட்டர் சுத்து. இருபது தடவை என்னைத் தாண்டிப் போனா. பதிமூணுலயே காலு பின்னுச்சு. ஒரு சாண் தூரத்துல போனா. கையை நீட்டி ஒரு விரல் வச்சிருந்தாப் போதும், பயிற்சியாளர் தொட்டா ஆட்டத்தை விட்டு வெளியே எடுத்திருவாங்க. அவ பொழச்சிருப்பா. வைக்கல. ரெண்டாவதா போய்க்கிட்டிருந்தா. தங்கம் தெரிஞ்சுது எனக்கு.”

“அவ கேட்டதுக்கு நீ என்ன சொன்ன?”

அருணகிரி சிமெண்டை விரலால் கீறிக்கொண்டிருந்தான்.

மாஸ்டரே சொன்னார். “முன்னாடி போறவ தெரியுதாளா? அப்ப போ.”

அருணகிரி நிமிர்ந்து பார்த்தான். இந்த வார்த்தைகளை அவன் தன் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை.

“உங்களுக்கு எப்படி மாஸ்டர்...?”

“அது என் வார்த்தைடே. மாநிலப் போட்டியில உனக்கு நான் சொன்னது. நீ ரத்தமா வாந்தி எடுத்துக்கிட்டே ரெண்டாவதா வந்த. பொழச்சுக்கிட்ட. அதனால அது நல்ல வார்த்தைன்னு ரெண்டு பேரும் நம்பிட்டோம்.”

ஆலைக்குள் யாரோ மோட்டாரைப் போட்டார்கள். அதன் இரைச்சலுக்கு மேல் மாஸ்டர் கேட்டார்.

“ஏன் மாத்திச் சொன்ன?”

“ஆஸ்பத்திரி வாசல்ல மைக்கை நீட்டினாங்க. ‘நீங்க நிறுத்தச் சொல்லலையா?’ன்னு ஒரு பொண்ணு கேட்டா. சொன்னேன்னு வாய் சொல்லிட்டு. ‘அவ கேக்கலையா?’ன்னா. கேக்கலைன்னேன். ‘என்ன சொன்னா?’ன்னா. அப்புறம் அதுபாட்டுக்கு வந்துட்டு மாஸ்டர். பயம். வேற ஒண்ணும் இல்ல, பயம்தான்.”

“அவ அம்மா?”

இதைக் கேட்டிருக்க வேண்டாம் என்று இருந்தது அருணகிரிக்கு.

“மாடத்தியம்மா. கோவில்பட்டியில தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்காங்க.”

“தெரியும். என்ன சொன்னாங்க உன்கிட்ட?”

“பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க.” அவன் குரல் உடைந்தது. இந்தத் தடவை பழகிய உடைசல் இல்லை. “‘என்னை மன்னிச்சிருங்க சார். சின்னதுல இருந்தே அடங்காதவ. நீங்க அவ்வளவு சொல்லியும் கேக்காமப் போயிட்டாளே’ன்னு அழுதாங்க. எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்க மாஸ்டர்.”

மாஸ்டர் பெஞ்சியில் உட்கார்ந்தார். திடீரென்று அவருக்கு வயதாகிவிட்டதுபோல் அருணகிரிக்குத் தோன்றியது.

“நீ என்ன சொன்ன?”

“பரவாயில்லம்மான்னேன்.”

செத்துப்போன பிள்ளைமேல் அடங்காப்பிடாரி என்று பெயர் ஒட்டிவிட்டு, அதையும் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டு வந்திருக்கிறோம். அருணகிரிக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஆனாலும் மனசு இருக்கிறதே, அது கடைசிவரை பேரம் பேசும்.

“மாஸ்டர், நான் உண்மையைச் சொன்னா விருது படகுக்காரருக்குப் போயிரும். அவ ஜெயிச்சது பொய் இல்லையே. நடந்தது அவதானே? நான் செஞ்சதுக்கு அவளுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காமப் போகணுமா? விருது யாருக்குன்னு நீங்க இன்னும் சொல்லவே இல்ல.”

“அவ உன்கிட்ட விருதாடே கேட்டா?”



மாஸ்டர் மடித்து வைத்திருந்த கடிதத்தை எடுத்து அவன் மடியில் போட்டார். கிழிக்கவில்லை. கையெழுத்தும் போடவில்லை. களத்தோரம் கொடியில் காய்ந்துகொண்டிருந்த சட்டையை உருவி உதறினார். போட்டுக்கொண்டார். மேல் பொத்தான் மாட்டவேயில்லை, அப்படியே விட்டுவிட்டார்.

“எங்க மாஸ்டர்?”

“கோவில்பட்டி பஸ் ரெண்டரைக்கு. நானும் வாரேன், எந்திரி.”