வரும் வழியிலேயே சாப்பிட்டோம்

மலையடிவாரக் காட்டில் இருந்த செவந்தி முயல், புருஷனோடும் மூன்று குட்டிகளோடும் ஊர் பார்க்கக் கிளம்பியது. அருவிக்கரையில் குடியிருந்த ஈட்டியப்பன் என்ற முள்ளம்பன்றி அவர்களுக்கு நெடுநாள் சிநேகம். பிள்ளைகளோடு வாருங்கள், எங்கள் ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று மூன்று வருஷமாகச் சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தது.

இரண்டு நாள் நடை. கட்டிக்கொண்டு போன அறுகம்புல்லைக் குட்டிகள் முதல் ஓடையிலேயே தின்று தீர்த்துவிட்டன. கோடையில் வழியெல்லாம் காய்ந்து கிடந்தது. அருவிச் சத்தம் கேட்டபோது ஐந்து வயிறும் ஒட்டிப் போயிருந்தது. கடைக்குட்டி பொட்டுக்குக் கால் பின்னியது.

செவந்தி எல்லோரையும் புதர் மறைவில் நிறுத்திப் புத்தி சொன்னது. போனதும் பறக்காவெட்டி மாதிரி விழக்கூடாது. சாப்பிடச் சொன்னால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவையும் வேண்டாம். மூன்றாம் தடவை கையைப் பிடித்து இழுப்பார்கள். அப்போது உட்கார்ந்தால்தான் கௌரவம்.

"மூணாவது தடவை கேக்கலேன்னா?" என்றது பொட்டு.

"கேக்காம இருப்பாங்களா? பெரிய குடும்பம்டா அது."

ஈட்டியப்பன் வாசலுக்கே வந்துவிட்டது. உள்ளே வள்ளிக்கிழங்கு குவிந்து கிடந்தது. வாசனை மூக்கைத் துளைத்தது.

"வா தங்கச்சி. முதல்ல எல்லாரும் சாப்பிடுங்க."

"வேண்டாம் அண்ணே. வர்ற வழியிலேயே வயிறு முட்டச் சாப்பிட்டோம்."

"அப்படியா? நல்லதாப் போச்சு. வெயில் ஏறுறதுக்குள்ள ஊரைப் பாத்துடலாம்."

செவந்தியின் புருஷன் செவந்தியைப் பார்த்தது. செவந்தி அருவியைப் பார்த்தது.

ஈட்டியப்பன் ஒன்றையும் விடவில்லை. அருவியைக் காட்டி, அது எந்த வருஷம் வற்றியது என்பதுவரை விளக்கியது. தேன்பாறைக்குக் கூட்டிப் போனது. தேனடைகள் எட்டாத உயரத்தில் தொங்கின. எதிரொலிக் குகையில் ஆளுக்கொரு பேர் சொல்லிக் கத்தச் சொன்னது. பொட்டு "கிழங்கு" என்று கத்தியது. குகை அதை மூன்று தடவை சொன்னது. பிள்ளை நல்ல விளையாட்டுப் பிள்ளை என்று ஈட்டியப்பன் மெச்சிக்கொண்டது.

யானைப்பாறையில் பாதி ஏறும்போது பொட்டு சுருண்டு விழுந்தது.

செவந்திக்கு உயிரே போய்விட்டது. சாமி, என் கௌரவத்தை எடுத்துக்கோ, பிள்ளையைக் குடு என்று மனசுக்குள் கும்பிட்டது.

"அண்ணே, இது பசி மயக்கம். நேத்திலேர்ந்து நாங்க யாரும் ஒண்ணும் சாப்பிடலை."

ஈட்டியப்பனுக்கு முள்ளெல்லாம் சிலிர்த்தது. "காலையிலேயே கேட்டேனே தங்கச்சி?"

"மரியாதைக்கு வேண்டாம்னு சொன்னேன்."

"நான் மரியாதைக்குக் கேக்கலையே. சாப்பிடத்தானே கேட்டேன்."

சுனைத் தண்ணீரைத் தெளித்ததும் பொட்டு கண் திறந்தது. எல்லோரும் வீட்டுக்கு ஓடினார்கள். குவியல் இருந்த இடம் துடைத்து விட்டாற்போல் கிடந்தது. விருந்தாளிகளுக்குத்தான் வயிறு நிறைந்துவிட்டதே, கிழங்கு வாடிப்போகுமே என்று ஈட்டியப்பன் மனைவி அதைப் பக்கத்துக் காட்டுப்பன்றி வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்தது.

அங்கே ஓடினால், காட்டுப்பன்றி வீட்டு வாசலில் கிழங்குத் தோல் மட்டும் மிச்சம் கிடந்தது. காட்டுப்பன்றி சாப்பிடச் சொல்லி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. செவந்தி அதற்குக் காத்திருக்கவும் இல்லை. குட்டிகளைத் தோலைச் சுற்றி உட்காரவைத்து, தானும் உட்கார்ந்தது.

பசித்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்லும் கௌரவம், நமக்கு வைத்த விருந்தை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடும்.