நண்டுத்துறையில் காதுகுத்து

கடலோரத்துல, கையகலத்துல ஒரு நாடு இருந்துச்சாம். பேரு நண்டுத்துறை. அதுக்குச் சொத்துன்னு இருந்தது ஒரே ஒரு கப்பல்துறை. பக்கத்துலயே பெருங்கோட்டைன்னு ஒரு பெரிய நாடு. எவ்வளவு பெருசு? அங்க யானை திம் திம்னு நடந்தா, இங்க அடுக்குப்பானை கடகடன்னு ஆடும். ம் சொல்லு.

நண்டுத்துறைக்கு ராணி குயிலாத்தா. ஒருநாள் பெருங்கோட்டை ராசா ஆள் விட்டான், உன் துறைய எனக்குக் குடுத்துடுன்னு. மாட்டேன்னா யானை வரும். சரின்னா நாடே போயிடும். அப்போ அவ என்ன பண்ணினா? எம் பொண்ணுக்குக் காதுகுத்து, எனக்குக் கூடப்பொறந்தவன் இல்ல, நீங்கதான் தாய்மாமனா வந்து மடி குடுக்கணும்னு வெத்தலபாக்கு அனுப்பினா.

அவனுக்கும் தங்கச்சி கிடையாது. பூரிச்சுப் போயிட்டான். பட்டு, பழம், காப்புன்னு யானை மேல சீர் ஏத்திக்கிட்டு வந்தான். புள்ளைய மடியில வச்சான். ஆசாரி ஊசிய எடுத்தாரு, சுருக். புள்ள வீல்னு கத்துச்சு. ராசாவும் சேர்ந்து அழுதான்.

அப்புறம் பந்தி. புள்ள மாமன் மடிய விட்டு எறங்கல. பாயசம் வந்ததும் ராசாவுக்குத் துறை ஞாபகம் வந்துடுச்சு. மெதுவாக் கேட்டான்.

"அண்ணன் தங்கச்சி வீட்டுக்குக் கொண்டு வருவானா, கொண்டு போவானா?"ன்னா குயிலாத்தா. பந்தியே சிரிச்சுது.

சரி, காவலுக்கு என் படையாவது இங்க இருக்கட்டும்னான்.

"விருந்துக்கு எப்ப வேணாலும் வாங்கண்ணே. தங்கச்சி வீட்லயே தங்கிட்டா ஊரு என்ன பேசும்?"

ம்? முழிச்சிருக்கியா?

அப்போ எதிர் வரிசையில ஒருத்தன் சர்ர்ருனு பாயசம் உறிஞ்சினான். யாருன்னு பார்த்தா, கடல் கடந்து வர்ற கப்பல்காரன். ராசா முகம் கறுத்துச்சு. இவன் இங்க ஆயுதம் இறக்கினா எனக்குத்தான் ஆபத்து, இவனத் துரத்துன்னான். இதுக்குச் சிரிப்பு செல்லாதுன்னு அவளுக்குத் தெரியும்.

"அவன் கிராம்பும் பீங்கானும் கொண்டு வருவான், போவான். அவன் ஆயுதம் இங்க இறங்காது. இங்கேருந்து உங்க முதுகுக்கு ஒரு அம்பு வராது, எம் பொண்ணு மேல சத்தியம். ஆனா என் வாசலுக்கு யாரு வரலாம்னு நான்தாண்ணே சொல்லணும்."

ராசா யோசிச்சான். "அம்பு வராதுல்ல?"ன்னான்.

"வராது."

அப்போ புள்ள அவன் மீசையப் புடிச்சு வெடுக்குன்னு இழுத்துச்சு. கண்ணு கலங்கக் கலங்கச் சிரிச்சான். "இவ அவங்க அம்மாவுக்கு மேல இருப்பா போல"ன்னுட்டு, யானையத் திருப்பிக்கிட்டுப் போனான்.

அப்புறம் வருஷா வருஷம் அங்கேருந்து சீர் வரும், இங்கேருந்து கருவாடு போகும். ஆனாலும் குயிலாத்தா தாழ்ப்பாள் போடாமப் படுத்ததே இல்ல. அண்ணன்தான். ஆனா ரொம்பப் பெரிய அண்ணனாச்சே.

நம்ம வீட்லயும் தாழ்ப்பாள் போட்டாச்சு. கதையும் உள்ள வந்து படுத்துடுச்சு. நீயும் கண்ண மூடு.