ஏழாவது ஆளாய்த் தளவாய்

முன்பொரு காலம், சடுகுடு என்றால் சாப்பாட்டையும் மறந்துவிடும் அரசர் ஒருவர் இருந்தார். அவருடைய அணியில் மூச்சுப் பிடித்து எதிரணிக்குள் பாடிப் போவதில் கொற்றனை மிஞ்ச ஆளில்லை. அந்த ஆண்டு கொற்றன் களத்துக்கே வரவில்லை. அணி தோற்றுக்கொண்டே போனது.

ஆட்டத்தில் இறங்குமுன் ஒவ்வொரு வீரனும் களத்து மண்ணைக் கையில் எடுத்து, "என் எலும்பு முறிந்தால் எவரிடமும் ஈடு கேளேன்" என்று அரசர் முன் உறுதி சொல்ல வேண்டும். கொற்றன் மறுத்துவிட்டான்.

விகடகவி நக்கண்ணர் அவன் வீட்டுக்குப் போனார்.

"ஏம்ப்பா, நீ இல்லாம மத்தவங்க அடி வாங்குறாங்களே."

"தெரியும் ஐயா. களத்துச் சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. சோறு இறங்கல. ஆனா போன வருஷம் நம்ம அணி ஓரிக்கு ஆட்டத்துல முழங்கால் போச்சு. மறுநாளே அரண்மனைச் சோறு கிடையாதுன்னுட்டாங்க. எம் பொண்டாட்டி மாசமா இருக்கா. அந்த வார்த்தைய நான் எப்படிச் சொல்ல?"

நக்கண்ணர் நேரே அரண்மனைக்குப் போனார். உறுதிமொழியை மாற்றச் சொல்லிச் சபையில் அவனுக்காகப் பேசினார்.

அணியை நடத்திய தளவாய்க்கு நக்கண்ணரைக் கண்டாலே ஆகாது. "அரசே, தங்கள் உப்பைத் தின்கிற எவரும் ஏழாவது ஆளாக நிற்கலாம். கொற்றன்தான் வேண்டுமென்றால் விகடகவியே அழைத்து வரட்டும். உறுதிமொழியில் ஒரு சொல்லும் அவர் மாற்றக் கூடாது."

"அப்படியே ஆகட்டும்," என்றார் அரசர். "நாளை கொற்றன் ஆடாவிட்டால் உமக்கு இச்சபையில் இடமில்லை, நக்கண்ணரே."

மறுநாள் கொற்றனைக் கூட்டத்தில் நிறுத்திவிட்டு நக்கண்ணர் அரசர் முன் வந்தார். களத்தில் ஆறு பேரே நின்றார்கள்.

"ஏழாவது ஆள் எங்கே?" என்று கேட்டார் அரசர்.

"இதோ நிற்கிறாரே தளவாய். உப்பைத் தின்கிற எவரும் நிற்கலாம் என்றாரே. அவரைவிட அதிகம் தின்றவர் யார், அரசே?"

அரசர் தலையசைத்தார். தளவாய் பட்டு மேலாடையை அவிழ்த்து, வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, மண்ணை எடுத்தார். எதிரணியில் மலைபோல் ஒருவன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"என் எலும்பு..." தளவாய் அரசர் பக்கம் திரும்பினார். "அரசே, ஒரு சந்தேகம். எனக்கு முழங்கால் போனால் என் குடும்பத்தை அரண்மனை பார்த்துக்கொள்ளும் அல்லவா?"

ஆறு வீரர்களும் அவரையே பார்த்தார்கள்.

"நான் ஒரு சொல்லும் மாற்றவில்லை, அரசே," என்றார் நக்கண்ணர். "தளவாய்தான் மாற்றச் சொல்கிறார்."

அரசர் கிரீடம் சரியச் சிரித்தார். "மாற்றிவிட்டோம். இனி முறிகிற எலும்பு அரண்மனைப் பொறுப்பு. ஓரிக்கும் சேர்த்துத்தான்."

அதற்குள் கொற்றன் களத்தில் குதித்திருந்தான். அரசர் தம் முத்துமாலையைக் கழற்றி நக்கண்ணர் கழுத்தில் போட்டார்.

தளவாய் மெல்லத் தம் பட்டு மேலாடையை எடுத்தார். "நான் போகலாமா, அரசே?"

"உட்காரும்," என்றார் அரசர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "மாற்று ஆள் வேண்டாமா?"