முதலைக்குக் கட்டிய காந்தம்

ஒரு முதலைக்கு அரண்மனைக் குளத்தின்மேல் அப்படியொரு பாசம். எவ்வளவு தூரம் கொண்டுபோய் ஆற்றில் விட்டாலும், திரும்பி வந்து ராஜா குளிக்கிற படியில் ஹாயாகப் படுத்துக்கொள்ளும்.

ராஜா ஓடக்காரி மூக்காயியைக் கூப்பிட்டார். "முதலையைக் கொல்லக் கூடாது. ஆனால் இன்னொரு தடவை அது திரும்பி வந்தால், நீதான் அதற்கு இரை!"

மூக்காயி முதலையின் தலையில் காந்தக் கல்லைக் கட்டி வண்டியில் ஏற்றினாள்.

"முதலைக்கு என்ன, தலைவலியா?" என்று சிரித்தார் ராஜகுரு.

"இல்லீங்க சாமி. பக்கத்துல காந்தம் இருந்தா கப்பல்ல திசைகாட்டி முள்ளே தடுமாறுது. இது மண்டைக்குள்ளயும் அப்படி ஒரு முள்ளு இருக்கும்போல. தடுமாறட்டுமே!"

கல்லோடவே அதைத் தூரத்து ஆற்றில் விட்டு வந்தாள். மழைக்காலமே முடிந்தது. முதலை வரவில்லை. ராஜா மகிழ்ந்துபோய் மூக்காயிக்குப் பட்டுச்சேலையை நீட்டினார். ராஜகுரு பாய்ந்து வந்து அதைப் பிடுங்கிக்கொண்டார். "ஏ ஓடக்காரி, கல்லாவது, முள்ளாவது! முதலையைக் கட்டிப்போட்டது என் மந்திரம்!"

மூக்காயி கும்பிட்டாள். "சாமி சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்ப நான் போய் அந்தக் கல்லை அவுத்துடறேன். சாமி மட்டும் தினமும் இதே குளத்துல முங்கி முங்கி மந்திரத்தைச் சொல்லிக்கிட்டே இருங்க."

ராஜகுரு குளத்தைப் பார்த்தார். சேலையைப் பார்த்தார்.

"எனக்கெதுக்கும்மா சேலை?" என்று அதை மூக்காயி கையிலேயே வைத்துவிட்டார்.