நடுவில் நின்ற மாசி

மூங்கிலாற்றுக் காட்டில் மான்களும் காட்டுப்பன்றிகளும் ஒரே குளத்தில் தண்ணீர் குடித்து வாழ்ந்தன. அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. குளம் வற்றி, நடுவில் ஒரு குட்டை மட்டும் மிஞ்சியது. குட்டை சுருங்கச் சுருங்கச் சண்டை பெருகியது. ஒரு மான்குட்டிக்குக் கால் ஒடிந்தது. ஒரு பன்றிக்கு விலா கிழிந்தது.

அந்தக் குளக்கரைக்குக் காவல், சடையன் என்ற கீரி. நியாயம் தெரிந்தவன்தான். ஆனால் சத்தம் போட்டுப் போட்டுத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். "என் கையை மீறிவிட்டது. துணைக்கு ஆள் வேண்டும்" என்று காட்டுச் சபைக்குச் சொல்லி அனுப்பினான். சபை, வெண்கால் படையை அனுப்பி வைத்தது.

வெண்கால் படை என்பது காட்டுமாடுகளின் படை. முழங்கால்வரை வெள்ளை உறை மாட்டியதுபோல் இருக்கும் கால்களால் வந்த பெயர் அது. எந்த இடத்தில் உள்ளூர்க் காவலால் சமாளிக்க முடியவில்லையோ, அங்கே போய் அதற்குத் துணை நிற்க வேண்டும். கலவரம், வெள்ளம், காட்டுத்தீ எதுவானாலும் போக வேண்டும். இந்த முறை வந்தவர்கள் மாசி என்ற பசுவும், அவளோடு படையில் சேர்ந்த கோவன் என்ற காளையும்.

"காலையில் மான்கள் குடிக்கட்டும். வெயில் தாழ்ந்ததும் பன்றிகள் குடிக்கட்டும்" என்று சடையன் முறை வைத்தான். அந்த முறை தவறாமல் நடக்க, மாசியும் கோவனும் குட்டைக்கு இருபுறமும் நின்றார்கள்.

இருவரையும் யாருக்கும் பிடிக்கவில்லை.

"வாள்போலக் கொம்பை வைத்துக்கொண்டு ஒரு பன்றியைக்கூடக் குத்தவில்லை. இவளெல்லாம் ஒரு காவலா?" என்று மான்கள் முணுமுணுத்தன.

"இவள் மான்களின் ஆள். பார்த்தாலே தெரியவில்லையா?" என்று பன்றித் தலைவன் முண்டன், அவள் காதில் விழும்படியே சொன்னான்.

மாசிக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள். அந்தக் குட்டையில் அவளும் கோவனும் வாய் வைப்பதில்லை. இருப்பதே கொஞ்சம். ஒருவர் மாற்றி ஒருவர் ஆற்றுப் பள்ளம்வரை நடந்துபோய்க் குடித்துவிட்டு வருவார்கள்.

இந்த அமைதி ஒருவனுக்கு மட்டும் கசந்தது. அவன் ஒரு நரி. சண்டையில் யாராவது விழுந்தால் அவனுக்கு விருந்து. ஒரு மத்தியான வேளையில் அவன் முண்டனிடம் ஓடினான்.

"ஐயோ பாவம், உங்களுக்கு விஷயமே தெரியாதா? இன்று மான்கள் குட்டையை ஒட்டக் குடித்துவிட்டன. மீதியைச் சேறாக மிதித்துவிட்டன. உங்கள் குட்டிகள் இனி மண்ணைத்தான் நக்க வேண்டும்."

முண்டன் விசாரிக்கவில்லை. கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு புழுதி பறக்க ஓடி வந்தான். குளக்கரை நிழலில் மான்கள் குட்டிகளோடு படுத்திருந்தன. சடையன் குறுக்கே ஓடித் தடுத்துப் பார்த்தான். கூட்டம் அவனைத் தாண்டிப் பாய்ந்தது.

மாசி ஒரே எட்டில் நடுவே வந்து நின்றாள். கோவன் தலையைத் தாழ்த்திக் கொம்பை நீட்டினான்.

"மாசி, விடு. ஒரே முட்டில் தீர்த்துவிடுகிறேன்."

"கொம்பைத் தூக்கு, கோவா. இவர்களைக் காப்பாற்றவும்தான் நம்மை அனுப்பியிருக்கிறார்கள். உடம்பால் மறி, போதும்."

கோவன் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை நிமிர்த்தினான். அப்போது கூட்டத்துக்கு முன்னால் சின்னதாக ஏதோ உருண்டு வந்தது. முண்டனின் குட்டி. அப்பாவோடு விளையாட்டாக ஓடி வந்து, கால் இடறி, பாய்ந்து வரும் பன்றிகளின் வழியிலேயே விழுந்துவிட்டது. மாசி ஓரடி முன்னால் வைத்து, குட்டியைத் தன் வயிற்றுக்கடியில் வாங்கிக்கொண்டாள். மறுகணம் முண்டனின் கோரைப்பல் அவள் முன்னங்காலைக் கிழித்தது. வெள்ளைக் காலில் ரத்தம் வழிந்தது. அவள் அசையவில்லை. கொம்பையும் தாழ்த்தவில்லை.

அவள் வயிற்றுக்கடியிலிருந்து "அப்பா" என்று ஒரு குரல் கேட்டது.

முண்டன் அப்படியே நின்றான். அவன் நின்றதும் கூட்டமும் நின்றது. குட்டியைப் பார்த்தான். மாசியின் காலைப் பார்த்தான். பிறகு குட்டையைப் பார்த்தான். தண்ணீர் தெளிவாக, அவர்கள் பங்குக்குக் குறையாமல் கிடந்தது.

"நரி சொன்னானே..." என்றான்.

சண்டையை எதிர்பார்த்துப் புதருக்குள் பதுங்கியிருந்த நரி நழுவப் பார்த்தான். பன்றிகளும் மான்களும் சேர்ந்து அவனைச் சூழ்ந்துகொண்டன. மாசி நொண்டிக்கொண்டே போய் அவனுக்கும் குறுக்கே நின்றாள்.

"இவனையுமா காப்பாற்றுகிறாய்?" என்றது ஒரு பெண்மான்.

"விசாரிப்பது சடையன் வேலை. தீர்ப்புச் சொல்வது சபை வேலை. அதுவரை இவன் உயிருக்கும் நான்தான் பொறுப்பு."

கோவன் துணைக்கு வர, சடையன் நரியைச் சபைக்கு இழுத்துப் போனான்.

அன்று சாயங்காலம் மாசி மர நிழலில் படுத்திருந்தாள். மான்கள் பச்சிலை மென்று கொண்டுவந்து அவள் காயத்தில் வைத்தன. பன்றிக்குட்டி அவளை ஒட்டி உட்கார்ந்துகொண்டது.

"வலிக்கிறதா, அத்தை?"

"கொஞ்சம்."

"உங்களுக்குக் குட்டி இருக்கிறதா?"

"இருக்கிறாள். மலைக்கு அந்தப் பக்கம்."

"அவளுக்கு ஆபத்து வந்தால் யார் காப்பாற்றுவார்கள்?"

மாசியும் அதை நினைக்காத நாளில்லை.

"என்னைப்போல ஒருத்தி வருவாள், கண்ணு. அவளும் தன் குட்டியை எங்கேயோ விட்டுவிட்டுத்தான் வருவாள்."

சற்றுத் தள்ளி நின்ற முண்டனுக்கு அது கேட்டது. மறுநாள் அவன் ஆற்றுப் பள்ளம்வரை ஓடி, ஈரம் சொட்டும் கோரைக்கிழங்குகளைத் தோண்டி வந்து மாசியின் முன்னால் வைத்தான். மன்னிப்பு என்ற வார்த்தை அவன் வாயில் வரவில்லை. மாசி கிழங்கை மென்றபடி தலையசைத்தாள்.

மழை வந்தது. குளம் நிறைந்தது. அதே மழையில் கீழைப் பள்ளத்தாக்கில் வெள்ளம் என்று செய்தியும் வந்தது. மாசியும் கோவனும் நனைந்தபடியே அங்கே புறப்பட்டார்கள். மான்களும் பன்றிகளும் ஒரே கரையில் கலந்து நின்று, அவர்கள் மரங்களுக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தன.

வலிமை உடையவர் எந்தப் பக்கமும் சாயாமல் எல்லோர் உயிருக்கும் அரணாக நிற்பதே உண்மையான காவல்.