நாலாவது பல்

குருவுக்குத் தாடி இருக்கும், சீடன் இளந்தாரியாக இருப்பான் என்று எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இந்தக் கதை சரிப்படாது. இங்கே குரு பெர்னதெத் என்ற பேராசிரியை. வயது முப்பத்தாறு. சீடர் சிதம்பரதாணு நாற்பதைத் தாண்டியவர், காதோரம் நரைத்தவர். அவர் இவரை மேடம் என்பார். இவர் அவரை சார் என்பார்.

சிதம்பரதாணு ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். முனைவர் பட்டம் வாங்கினால் வேலை நிலைக்கும். பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி அவகாசம் அந்த வாரத்தோடு முடிய இருந்தது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பட்டமும் போச்சு, வேலையும் போச்சு.

அவரிடம் ஒரு வண்டு இருந்தது. களக்காட்டு மலையில் யானை லத்தியைக் கிளறி எடுத்த சாணவண்டு, ஒன்றே ஒன்று. அந்த மலையில் கிடைக்கும் தெரிந்த இனத்துக்கு முன்னங்காலில் மண் தோண்ட நாலு பல் இருக்கும். இதற்கு மூன்றுதான். இதுவரை யாரும் பார்க்காத இனம் என்று முடிவு கட்டி, கொம்பு முதல் கால் நகம் வரை வருணித்து எழுதினார். பெயரும் வைத்தார். அம்மாவின் பெயர்.

"ஏலே, சாணி தின்னுத வண்டுக்கா எம்பேர வைக்கே?" என்று ஆவுடையம்மாள் ஏசினாள். ஏசிவிட்டுத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டும் வந்தாள்.

இனி குருவின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பெர்னதெத் நுண்ணோக்கியில் வண்டை வெகுநேரம் பார்த்தார்.

"புது இனந்தான மேடம்?"

பெர்னதெத் எழுந்து போய் ஒரு தட்டை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார். ஊசியில் குத்திய வண்டுகள் வரிசையாக இருந்தன.

"இதுல எத்தனை இனம் இருக்கு, சொல்லுங்க."

அவர் ஒவ்வொன்றாகக் கால்களைப் பார்த்தார். சிலவற்றுக்குக் கூர்மையான நாலு பல். சிலவற்றுக்கு மழுங்கிய பல். ஒன்றுக்குப் பல்லே இல்லை, விளிம்பு வழவழவென்று இருந்தது.

"மூணு மேடம்."

"எல்லாம் ஒரு தாய் பிள்ளைங்க. நான் தொட்டியில வளத்தது. இந்த வரிசை பொறந்ததுமே எடுத்தது. இது ஒரு மழைக்காலம் தோண்டினதுக்கு அப்புறம். அந்தக் கடைசி, அதுவா சாகுற வரைக்கும் விட்டது."

சிதம்பரதாணுவின் முகம் செத்துப்போயிற்று. மண்ணில் தோண்டித் தோண்டிப் பல் தேயும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. இந்த வண்டு விஷயத்தில் தெரிந்துகொள்ள மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

"என் வண்டு அப்படித் தேஞ்சது மாதிரி இல்ல மேடம். மத்த மூணு பல்லும் நல்லாத்தான் இருக்கு."

"இருக்கலாம். உள்ள பாத்தீங்களா?"

அவர் தலை குனிந்தார். உள்ளே என்றால் வயிற்றுக்குள். ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பை வெளியே எடுத்துப் பார்ப்பது. மேலே எப்படி ஏமாற்றினாலும் அதன் வடிவம் இனத்துக்கு இனம் மாறும், பொய் சொல்லாது. இந்தத் தொழிலில் முதலில் செய்ய வேண்டிய வேலை அது. அவர் அதை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டிருந்தார்.

"இருக்கிறதே ஒண்ணு மேடம். ஒடஞ்சு போச்சுன்னா?"

"ஒடையலாம்."

"நீங்களே எடுத்துப் பாருங்களேன். ஒங்களுக்குக் கை பழக்கம்."

"நான் பாக்க மாட்டேன். நீங்க எடுங்க, நீங்க பாருங்க. வேற இனம்னு நீங்க சொன்னா நான் கையெழுத்துப் போடுதேன்."

பேனாவின் மூடியைக் கழற்றி ஆய்வேட்டின் மேல் வைத்துவிட்டு, பெர்னதெத் மின்விசிறியை நிறுத்தினார். பிறகு ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

சிதம்பரதாணு வண்டை வெந்நீரில் ஊறப்போட்டார். முனை வளைந்த ஊசியை வால்பக்கம் நுழைத்தார். மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு மெல்ல இழுத்தார். வந்துவிட்டது, உடையாமல், உமி அளவுக்கு ஒரு பழுப்புத் துண்டு. துடைத்து, ஈரம் உலர, வெள்ளை அட்டையில் வைத்தார். இன்னும் ஒட்டவில்லை.

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். பக்கத்திலேயே தெரிந்த இனத்தின் படம் இருந்தது. நுனியின் கொக்கி, அதன் கீழே பள்ளம், பள்ளத்தின் ஓரத்தில் மடிப்பு. படத்தைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

அச்சில் வார்த்தது போல ஒன்றாக இருந்தன.

அவர் நிமிரவில்லை. நிமிர்ந்தால் கேள்வி வரும். வேறு இனம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேனா திறந்தே கிடக்கிறது. இந்த மலைக்கு இன்னொருவன் வந்து, இன்னொரு வண்டைப் பிடித்து, இதைச் சரிபார்க்க எத்தனை வருஷம் ஆகுமோ. அதற்குள் வேலை நிரந்தரமாகி, ஓய்வூதியமும் வாங்கிவிடலாம்.

துண்டு மட்டும் இருக்கக் கூடாது. அது ஒரு மூச்சுக்குத் தாங்காது. இந்த வேலையில் தொலைந்துபோவதும் சகஜம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

அவர் மூச்சை இழுத்தார்.

"ரொம்பப் புழுக்கமா இருக்கே" என்றார் பெர்னதெத், திரும்பாமலே. கை சுவரில் இருந்த சுவிட்சின் மேல் இருந்தது. "ஃபேனைப் போடட்டுமா சார்?"

சிதம்பரதாணுவின் நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. இழுத்த மூச்சு உள்ளேயே நின்றது. போடுங்கள் என்றால் போதும், தான் ஊதக்கூட வேண்டாம். பழியும் காற்றின் மேல் போய்விடும்.

வெளியே யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போட்டுப் பூட்டும் சத்தம் கேட்டது.

அவர் இரண்டு கைகளையும் குவித்து அட்டையைச் சுற்றி அணை கட்டினார். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி மூச்சை விட்டார்.

"வேண்டாம் மேடம்."

பெர்னதெத் சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். வந்து எதிரே உட்கார்ந்தார். நுண்ணோக்கியைத் தன் பக்கம் இழுக்கவில்லை. பேனாவை எடுத்து மூடினார்.

சிதம்பரதாணு துண்டை அட்டையில் ஒட்டினார். அந்த அட்டையையும் வண்டையும் ஒரே ஊசியில் குத்தினார். தெரிந்த இனத்தின் பெயரைச் சிறிய எழுத்தில் எழுதி அடியில் செருகினார். இந்தத் தடவை முழங்கையை ஊன்றிக்கொள்ளவில்லை.

பிறகு அந்த முன்னங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த நாலாவது பல்லு, மேடம்?"

"அது ஒடஞ்சு மண்ணுக்குள்ள இருக்கு சார்."