குரங்கின் குட்டை மாதுளை

ஒரு காட்டில் ஒரு குரங்கு மரம் வளர்த்தது. ஒடிக்கவில்லை, குழந்தைகளே, வளர்த்தது. நம்ப முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். அந்தக் காட்டிலும் யாரும் நம்பவில்லை.

மரம் என்றால் பெரிய மரம் இல்லை. குட்டை மாதுளை. குரங்கின் முழங்கை உயரம் இருந்தால் அதிகம். அது நின்றதும் தரையில் அல்ல, மல்லாத்தி வைத்த ஓர் ஆமை ஓட்டில். அந்த ஓட்டின் சொந்தக்காரர் முதுமையால் காலமாகிவிட்டார். ஓட்டை யாருக்கும் எழுதி வைக்காமல் போய்விட்டதால் குரங்கு எடுத்துக்கொண்டது.

அந்தத் தொட்டி ஒரு செங்குத்தான பாறையின் மேல், நல்ல வெயில் படும் இடத்தில் இருந்தது. யானையின் கண்ணுக்கு எட்டும் உயரம், மானின் வாய்க்கு எட்டாத உயரம்.

குரங்கு அந்த மரத்துக்குச் செய்யாத வேலை இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை மரத்தை மெல்லப் பெயர்த்து, நீண்ட வேர்களைக் கடித்துக் குறைத்து, புது மண் போட்டு நட்டது. தண்டு அழகாக வளைய வேண்டும் என்று மெல்லிய கொடியைச் சுற்றிக் கட்டியது. கொடி பட்டையில் பதிவதற்குள் மறக்காமல் அவிழ்த்தது. இத்தனையும் செய்ததால் அந்த மரத்தைப் பார்த்தால் ஒரு பெரிய மரத்தை வெகு தூரத்தில் நின்று பார்ப்பது போல இருக்கும்.

குரங்குக்கு இருந்த குறை ஒன்றுதான். யாராவது மரத்தை நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதற்குச் சாப்பாடு இறங்காது.

சொல்வதற்கு ஒரு மான் இருந்தது. தினமும் காலையில் பாறையடிக்கு வந்து அண்ணாந்து பார்க்கும். பெரிய கண்கள், மிக மென்மையான குரல்.

"அண்ணா, உங்கள் மரத்தைப் பார்க்க வந்தாலே என் பசி தீர்ந்துவிடுகிறது" என்று மான் சொல்லும்.

இது முழு உண்மை.

"ஆனால்..." என்று மான் இழுக்கும்.

"ஆனால் என்ன?"

"சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. இடது பக்கம் ஒரு நுனி துருத்திக்கொண்டு நிற்கிறது."

குரங்கு பதறிப்போய்ப் பார்க்கும். ஆமாம், சிவப்பாக ஓர் இளந்தளிர் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். உடனே கிள்ளிக் கீழே போடும். மான் அதைத் தின்றுவிடும்.

"பாறையடியில் குப்பை சேரக் கூடாது, அண்ணா. அதனால்தான் நானே அப்புறப்படுத்துகிறேன்."

"உனக்குத்தான் எவ்வளவு பொறுப்பு!" என்று குரங்கு நெகிழ்ந்துபோகும்.

அந்த ஆண்டு கோடை கடுமையாக வந்தது. புல் காய்ந்தது. ஓடை வற்றியது. காட்டிலேயே மூத்த யானை, எல்லாரும் பெரியம்மா என்று கூப்பிடும் யானை, ஓடை மணலைத் தோண்டி ஓர் ஊற்று எடுத்தது. தோண்டியது பெரியம்மா என்பதால், யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்பதையும் பெரியம்மாவே சொன்னாள். நியாயமான ஏற்பாடுதான்.

குரங்கு தேக்கிலையை மடித்துத் தன் மரத்துக்குத் தண்ணீர் எடுத்துப் போனது. காட்டுப்பன்றிக்கு அது பொறுக்கவில்லை. பன்றிக்குப் பொதுவாக எதுவும் பொறுப்பதில்லை.

"பெரியம்மா, இங்கே என் குட்டிகளுக்கு நாக்கு வறண்டு கிடக்கிறது. இந்தக் குரங்கு பொம்மைக்குத் தண்ணீர் ஊற்றுகிறது" என்றது பன்றி.

பெரியம்மா குரங்கைக் கூப்பிட்டாள். "உன் மரம் இதுவரை பூத்திருக்கிறதா?"

"இல்லை, பெரியம்மா. ஆனால் அழகாக இருக்கிறது."

"இந்த வெயிலில் அழகை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அடுத்த பௌர்ணமிக்கு வந்து பார்ப்பேன். ஒரே ஒரு பூ இருந்தால் போதும், தண்ணீர் உண்டு. இல்லையென்றால் அது பன்றிக் குட்டிகளுக்கு."

"குரங்கு வளர்த்த மரமாவது, பூக்கிறதாவது!" என்று பன்றி சிரித்தது.

ஆமை ஓட்டில் இருப்பது ஒரு கைப்பிடி மண். இந்த வெயிலில் தண்ணீரை நிறுத்தினால் மரம் ஓரிரு நாளில் காய்ந்துவிடும். குரங்கு ஓடிப்போய் மானிடம் யோசனை கேட்டது.

"எப்படியாவது பூ வர வேண்டும். என்ன செய்யலாம்?"

மான் கண்ணை மூடி யோசித்தது. "அண்ணா, பெரியம்மா வரும்போது மரம் தலை கலைந்து நிற்கலாமா? இன்னும் கொஞ்சம் சுத்தமாக வைத்திருங்கள். இடத்தைப் பார்த்துவிட்டுப் பூ தானாக வரும்."

குரங்கு நம்பியது. அன்று முதல் காலையிலும் மாலையிலும் கிள்ளியது. மான் வலது என்றால் வலது, உச்சி என்றால் உச்சி. சிவப்பாக எது எட்டிப் பார்த்தாலும் போட்டுத் தள்ளியது. காட்டில் மற்ற மான்களெல்லாம் எலும்பு தெரிய அலைந்தன. இந்த மான் மட்டும் பளபளவென்று இருந்தது. குரங்கு அதைக் கவனிக்கவில்லை, மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

பௌர்ணமி வந்தது. பெரியம்மா வந்தாள். பன்றி குடும்பத்தோடு வந்தது.

மரத்தில் ஓர் இலைகூட வரம்பு மீறவில்லை. பூவும் இல்லை.

"பூ எங்கே?" என்றாள் பெரியம்மா.

குரங்கின் கண்ணில் நீர் முட்டியது. "நான் குடிக்கிற தண்ணீரை இதற்கு ஊற்றிக்கொள்கிறேன், பெரியம்மா."

"உனக்குத் தருவது நீ குடிக்க. நீ செத்துப்போனால் இழுத்துப் போடுவதும் என் வேலைதான். மரத்துக்கு இன்றோடு தண்ணீர் கிடையாது."

இதைக் கேட்டதும் மானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மரம் இல்லையென்றால் தளிர் ஏது? அது முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்தது.

"பெரியம்மா, அவசரப்படாதீர்கள்! இது நன்றாகப் பூக்கிற மரம்!"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தினமும் மொட்டு விடுகிறதே! புதுத் தளிரின் நுனியில் விடும். தளிர் மெதுமெதுவென்று இருக்கும். மொட்டு அப்படி இல்லை, கடித்தால் நறுக்கென்று இருக்கும். நேற்றுகூட..."

மான் நிறுத்திக்கொண்டது. மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த பன்றியும் நிறுத்திக்கொண்டது.

"நேற்றுகூட?" என்றாள் பெரியம்மா.

மான் பாறையில் இருந்த ஒரு கீறலை உற்றுப் பார்க்க ஆரம்பித்தது.

"நான் கிள்ளிப் போட்டது மொட்டுகளையா?" என்று கேட்டது குரங்கு. "தெரிந்தும் நீ ஏன் சொல்லவில்லை?"

"தளிரும் சிவப்பு, மொட்டும் சிவப்பு. வாயில் போட்ட பிறகுதான் எனக்கே தெரியும். அதோடு நீங்கள் அதைக் கேட்கவில்லையே, அண்ணா. பூ வர என்ன செய்யலாம் என்றுதான் கேட்டீர்கள்."

குரங்கு பெரியம்மாவைப் பார்த்தது.

"என்னை ஏன் பார்க்கிறாய்? மான் தின்றது. கிள்ளியது யார்?"

"நான்தான்."

"அடுத்த பௌர்ணமி வரை தண்ணீர் தருகிறேன். கையை மட்டும் சும்மா வைத்திரு" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா போய்விட்டாள்.

கையைச் சும்மா வைப்பது குரங்குக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். அது தண்ணீர் ஊற்றும், பிறகு இரண்டு கைகளின் மேலும் உட்கார்ந்துகொள்ளும். மரம் இஷ்டத்துக்கு வளர்ந்தது. வழியில் போன முள்ளம்பன்றி, "என்ன இது, சீவாத தலை போல?" என்று கேட்டது. முள்ளம்பன்றி இதைக் கேட்டதுதான் குரங்குக்குத் தாங்கவில்லை. அன்று அது சாப்பிடவில்லை. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

மான் விடாமல் வந்தது. கொஞ்சம் இளைத்திருந்தது.

"அண்ணா, உச்சியில் ஒன்று ரொம்பவும் துருத்திக்கொண்டு நிற்கிறது."

குரங்கு உச்சியைப் பார்த்தது. சிவப்பாக, கெட்டியாக, நிமிர்ந்து நின்றது அது.

"ஆமாம்" என்றது குரங்கு. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

மான் சிறிது நேரம் காத்திருந்தது. பிறகு வேறு குரங்கைத் தேடிப் போயிற்று.

பௌர்ணமியன்று உச்சி நுனியில் ஒரு பூ விரிந்திருந்தது. மரம்தான் சின்னது, பூ ஒன்றும் அவ்வளவு சின்னது இல்லை. பெரியம்மா வந்து பார்த்தாள். "சரி" என்று சொல்லிவிட்டு ஊற்றுக்குத் திரும்பினாள். குரங்குக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

பன்றி மட்டும் நகராமல் நின்றது. "பூ கொஞ்சம் கோணலாக இருக்கிறதே" என்றது.

"ஆமாம்" என்றது குரங்கு.

நீதி: பிறர் சொல் கேட்டு வெட்டும் முன், வெட்டியது யார் வயிற்றுக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும்.